கை நனையாதவர்

அன்று போடி ஏலக்கூடத்தில் முன்வாசலைவிடப் பின்வாசலில்தான் கூட்டம். முன்பக்கம் ஏலக்காய் மாதிரித் தட்டுகள் பச்சைப் பசேலென்று காத்துக் கிடந்தன, சீந்துவார் இல்லை. பின்பக்கம், வாசிப்பறை வாசலில், மலைக்கு மேலும் கீழும் பெரிய கை என்று பேர் வாங்கிய வியாபாரிகள் வயிற்றைத் தடவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து வந்தவனுக்குத்தான் இனி ஏலம் கேட்க உரிமை என்று நேர்மை ஆயம் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த முதல் நாள் அது.

"ராத்திரி முருங்கைக்கீரை, கொய்யாப்பழம், சுடுதண்ணி எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணும் அசையலய்யா," என்றார் ஒருவர்.

"உங்கிட்டருந்து என்னைக்குய்யா எது லேசுல வெளிய வந்துருக்கு?" என்றார் பின்னால் நின்றவர். வரிசை குலுங்கியது.

வினோத்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. ஏலக்காயை உள்ளங்கையில் கசக்கி ஒரு தடவை மோந்தால், எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, உலர்த்தும்போது சூடு கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுகிற மூக்கு. அந்த மூக்கு ஒரு மாதமாக வேலை செய்யவில்லை. நாக்கில் துருப்பிடித்த ஆணியைச் சப்பினது மாதிரி ஒரு கசப்பு. மாத்திரையை நிறுத்தியும் போகவில்லை. அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். மாத்திரையில் பாதி, மனசில் மீதி.

வாசிப்பானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் இரைப்பையில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, வாய் வழியே பாம்பு மாதிரி ஒரு குழாயை இறக்குவார்கள். மனுசன் பாதி உயிராக வெளியே வருவான். பிறகு மலத்தை வைத்தே கிருமியைக் கண்டுபிடிக்கும் கலை வளர்ந்து, கடைசியில் கழிப்பறைப் பீங்கானுக்குள்ளேயே ஒரு கருவியாக வந்து உட்கார்ந்துகொண்டது. 'ஊசி படாது, குழாய் படாது, உங்கள் மேல் ஒரு கையும் படாது' என்று விளம்பரம். பொய் சொல்லக் கூடாது. வயிற்றுப் புண்ணும் புற்றும் ஊரில் பாதிக்கு மேல் குறைந்தன. மலத்தோடு வெளியேறும் கிருமியின் துணுக்கை வைத்து அது எந்தக் குலத்துக் கிருமி என்றும் வாசிப்பான் சொல்லும். பொல்லாத குலமென்றால் மாத்திரை. சாதுவான குலமென்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தால் கிருமிக்கு மாத்திரை பழகிவிடும் என்பதால் மாத்திரைக்குக் கட்டுக்காவல்.

வினை இந்தக் குலத்தில்தான் இருந்தது. கிருமி எச்சில் வழியே போகிறது. முதலில் தாயிடமிருந்து பிள்ளைக்கு. அப்புறம் யார் யார் ஆண்டுக்கணக்கில் ஒரே தட்டில் கை போடுகிறார்களோ, அவர்களுக்குள். இதற்குக் கொடிவழி என்று பேர் வைத்தார்கள். மருத்துவர் கண்ணுக்கு அதில் நோய் தெரிந்தது. நேர்மை ஆயத்தின் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது.

நம் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. பெண் பார்க்கப் போன வீட்டில், சம்மதம் முடியாமல் கை நனைக்க மாட்டோம். நிலம் பேசப் போனாலும், மாடு பிடிக்கப் போனாலும் அப்படித்தான். பேரம் படியுமுன் ஒரு வாய் சோறு உள்ளே போய்விட்டால், அப்புறம் என்ன பேரம்? கை நனைத்தவன் உடன்பட்டவன். ஆயம் இந்தப் பழைய நியாயத்தை அப்படியே எடுத்துச் சட்டமாக்கிவிட்டது. ஏலத்தில் எதிரெதிராக நிற்கும் இருவர் வயிற்றில் ஒரே கொடிவழி இருந்தால், அவர்கள் மறைவில் கை நனைத்தவர்கள். கூடிப் பேசி விவசாயிக்கு விலையைக் குறைக்கிறவர்கள். நட்புக்காகச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே பந்திப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரே சரக்குக்கு இருவரும் போட்டி போடக் கூடாது, அவ்வளவுதான். பதியாமல் மாட்டினால், ஏலம் கேட்கும் உரிமைக்கு அடையாளமான ஏலவில்லை பறிபோகும். ஆயத்தின் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'வாய் பொய் சொல்லும். வயிறு சொல்லாது.'

வினோத்பாண்டி அந்தச் சுவரைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

தேவாரம் ஊரில் கிருபாகரன் என்று ஒரு முதலாளி. ஏலக்கூடத்தில் இருவரும் கீரியும் பாம்பும். ஞாயிறு மதியம் கிருபாகரனின் தோட்ட வீட்டில் ஒரே தாம்பாளத்தில் கெடா விருந்து. முதல் தடவை கூப்பிட்டபோதே, "தனித்தனித் தட்டுல தின்னா அது விருந்துண்ணே. ஒரே தட்டுல தின்னாத்தான் அது பேச்சு," என்று கிருபாகரன் சொல்லிவிட்டான். பேச்சு என்னவென்றால், நல்ல சரக்கு ஏலத்துக்கு வரும்போது வினோத்பாண்டி இருமுவார். இருமினால் அவர் விலகிக்கொள்கிறார். அடுத்த சரக்குக்கு கிருபாகரன் மூக்கைச் சிந்துவான். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் சளி. சரக்கைக் கொண்டுவந்த விவசாயிக்குத்தான் காய்ச்சல்.

வாசிப்பான் வரப்போகிறது என்று சேதி வந்ததும், அதே தாம்பாளத்தின் முன் உட்கார்ந்து இருவரும் பேரம் பேசினார்கள்.

"ரெண்டு வயிறும் ஒண்ணா இருந்தாத்தானண்ணே வம்பு? ஒண்ண வெளுத்துட்டாப் போதும்," என்றான் கிருபாகரன்.

"அப்ப நீ வெளு."

"எனக்குச் சக்கரை. மாத்திரை ஒத்துக்காது."

"எனக்கு மட்டும் தேனா இனிக்குமா? மூக்கும் நாக்கும்தான்யா எனக்கு முதலு. அது போச்சுன்னா நான் வெறும் சாக்கு."

இழுத்துப் பறித்து, கடைசியில் வண்டன்மேட்டுச் சரக்கில் ஆறு மாதம் முதல் தேர்வு வினோத்பாண்டிக்கு என்று படிந்தது. கள்ள மாத்திரையும் கிருபாகரனே வாங்கிக் கொடுத்தான். ஒரு வயிறு வெளுத்தது. கணக்கு நேராகிவிட்டதென்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

ஆனால் ஏலம் முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் வினோத்பாண்டி இன்னொரு தட்டிலும் கை போட்டுக்கொண்டிருந்தார். அது ஆஷிக் ராவுத்தரின் தட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரே தட்டில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவைக் குளமாக ஊற்றி, இருவரும் குனிந்து தின்பார்கள். கடைசி வாயை மட்டும் ஆஷிக் உருட்டி எடுத்து, "இந்தா மாப்ளே, வாயத் தொற," என்று ஊட்டிவிடுவார். பேத்தி எடுத்த வயசிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆஷிக்குக்கு இருமவும் தெரியாது, மூக்குச் சிந்தவும் தெரியாது. பிடித்தால் கேட்பார், பிடிக்காவிட்டால் எழுந்து டீ குடிக்கப் போவார்.

அந்தத் தட்டை வினோத்பாண்டி கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்க்கத் தோன்றவில்லை. சாப்பாடு வேறு, வியாபாரம் வேறு என்று அவர் எண்ணியிருந்த ஒரே இடம் அது.

வரிசையில் முன்னால் நின்ற ஆஷிக் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். "மாப்ளே, காலைல வந்ததும் மொத வேலையா நம்ம ரெண்டு பேரையும் பந்தில பதிஞ்சுட்டேன். நாளைக்கு எவனும் பேசிறக் கூடாதுல்ல."

வினோத்பாண்டி குரலைத் தாழ்த்தினார். "என்னைக் கேக்காம ஏன் மாமா பதிஞ்ச?"

"உங்கூடச் சாப்பிடுறதுக்கு உன்னையவே கேக்கணுமாக்கும்?"

அதற்குள் ஆஷிக்கின் முறை வந்தது. அப்புறம் இவர் முறை. பீங்கான் குளிர்ந்திருந்தது. வாசிப்பான் ஒரு நிமிஷம் முனகிவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டது. 'கிருமி இல்லை. கொடிவழி இல்லை.' வாழ்க்கையில் இப்படி ஒரு நிம்மதியும் இப்படி ஒரு பயமும் ஒரே இருக்கையில் அவருக்கு வந்ததில்லை.

கூடத்தில் எல்லோரும் கூடியதும் ஆயத்தின் அதிகாரி மகிழினி முடிவுகளை வாசித்தாள். சின்ன வயசு, மரியாதையான குரல். "கிருபாகரன், ஆஷிக் ராவுத்தர். ஒரே கொடிவழி. பந்திப் பதிவு இல்லை."

 கிருபாகரனின் வாய் திறந்தபடி நின்றது. ஆஷிக் சிரித்துவிட்டார்.

"மேடம், அந்த ஆளு வீட்டு வாசப்படியக்கூட நான் மிதிச்சதில்ல. என் தட்டுக்காரரு அந்தா நிக்கிறாரு, வினோத்பாண்டி. பதிஞ்சும் குடுத்துருக்கேன். உங்க மிசினு பேரு மாத்திப் படிக்குது."

"அவர் வயிறு சுத்தமா இருக்குங்க. கிருமியே இல்ல. நீங்க அவர்கூட ஆண்டுக்கணக்கா சாப்பிட்டிருந்தா உங்க கொடிவழி அவர்கிட்ட இருக்கணும்." மகிழினி தாளைப் புரட்டினாள். "உண்மையான கூட்டாளிய மறைக்க இன்னொருத்தர் பேரைப் பதியிறது உண்டு. உங்களப் பத்தி அப்படிச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு."

"கஷ்டமே படாதீங்க. அவரையே கேளுங்க." ஆஷிக் திரும்பினார். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. "சொல்லு மாப்ளே. நாம ஒரே தட்டுலதான திங்கிறோம்?"

ஆமாம் என்பது சின்னச் சொல். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் உன் வயிறு எப்படி வெளுத்தது. அதற்கடுத்தது மாத்திரை, அதற்கடுத்தது தாம்பாளம். வினோத்பாண்டி பேரம் பேசியே வளர்ந்த மனுசர். எதிராளி வாய் திறக்குமுன் மூன்று கேள்வி தாண்டிப் போய் நின்றுவிடும் புத்தி. அந்தப் புத்திதான் அன்று அவரைக் கவிழ்த்தது.

"எப்பவாச்சும்... ஒரு டீ, ஒரு வடை..." என்றார்.

ஆஷிக்கின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எரிந்த திரி மாதிரி, நின்று, நிதானமாக அணைந்தது.

கிருபாகரன் அன்று மாலையே குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்கிறவனுக்குப் பாதித் தண்டனை. "யாரு கூட?" என்று கேட்டபோது, வாசிப்பான் காட்டிய ஆளையே காட்டிவிட்டான். அவனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. பேர் மட்டும்தானே மாற்ற வேண்டும், இருமலும் சளியும் அதே. வினோத்பாண்டிக்குப் போன் போட்டு, "அண்ணே, நீங்க தப்பிச்சீங்க. வண்டன்மேட்டுச் சரக்க மறந்துறாதீங்க," என்றும் சொன்னான். ஆஷிக்குக்குத்தான் முழுத் தண்டனை. ஒப்புக்கொள்ளாத பிடிவாதத்துக்கும் சேர்த்து.

ஒரு வாரம் வினோத்பாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. வீட்டில் இட்லி ஆணி மாதிரிக் கசந்தது, காப்பியும் அப்படியே. பிறகு ஒரு நாள் காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு ஆயத்துக்குக் கிளம்பினார்.

"நான்தான் மேடம். கிருபாகரன்கூடக் கை நனைச்சது நான். அவங்கிட்டருந்து எனக்கு ஒட்டி, எங்கிட்டருந்து ஆஷிக்குக்குப் போயிருக்கு. நடுப்பாலம் நான். மாத்திரை போட்டு என் வயித்த மட்டும் வெளுத்துக்கிட்டேன்."

மகிழினி எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தண்ணி குடிக்கிறீங்களாய்யா?"

"தண்ணி வேணாம். எழுதிக்கிங்க."

"எதை எழுத? அன்னைக்கு அத்தன பேரு முன்னால எப்பவாச்சும் ஒரு டீன்னு சொன்னீங்க. வாசிப்பானும் அதையே சொல்லுச்சு. இன்னைக்கு வேற சொல்றீங்க."

"அன்னைக்குப் பொய் சொன்னேன்."

"மாத்திரை எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கிருபாகரன் குடுத்தான்."

"அவர் அப்படி ஒண்ணும் சொல்லல. அவர் சொன்னது குடற்சாட்சியோட பொருந்துது. நீங்க சொல்றது எதோடயும் பொருந்தல." குரலை இறக்கினாள். "இந்த ஒரு வாரத்துல மட்டும் உங்கள மாதிரி நாலு பேரு வந்துட்டாங்கய்யா. சிநேகிதருக்காக, சம்பந்திக்காக, நான்தான் செஞ்சேன்னு. பாக்கப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா குடற்சாட்சி இருக்கிற இடத்துல வாய்ச்சாட்சி செல்லாது. சட்டம்."

"சரி, முழுசா நம்ப வேணாம். பாதியாச்சும் போடுங்க. ஆஷிக்குக்குப் பாதி, எனக்குப் பாதி."

"முடியாதுங்கய்யா."

"கால் பங்கு?"

வாழ்நாள் முழுக்க எதிராளியை இறக்கியே பழகின மனுசர். தன் தலைக்குத் தானே குற்றம் கேட்டு, அது கிடைக்காமல் தானே இறங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் எள்ளளவும் நகரவில்லை.

"உங்களக் கூப்பிட்டு அனுப்பலாம்னே இருந்தேன்," என்றாள் மகிழினி, மேசை இழுப்பறையைத் திறந்தபடி. "ஏலத்துக்கு வியாபாரிகள்லருந்து ஒரு மேற்பார்வையாளர் வேணும். யாரோடயும் கை நனைக்காத ஆளா இருக்கணும்னு விதி. உங்க கூடத்துல எல்லாரு வயித்துலயும் யாரோ ஒருத்தர் இருக்காங்க. சுத்தமானவர் நீங்க ஒருத்தர்தான்."

சந்தன நிறத்தில் ஒரு சான்றுப் பட்டையை எடுத்து அவர் சட்டையில் குத்தினாள். 'கை நனையாதவர்' என்று அதில் பொறித்திருந்தது. வேண்டாம் என்று அவர் கையை உயர்த்தினார். அதை அவள் வணக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளரின் முதல் கடமை, தண்டனை பெற்றவரிடமிருந்து ஏலவில்லையை வாங்கி வருவது.

ஆஷிக்கின் வீட்டுக்குள் நுழையும்போது வினோத்பாண்டி பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பட்டை போனாலும் குத்தின இடத்தில் சட்டை சுருங்கித் தெரிந்தது. ஆஷிக்கின் மனைவி நஸ்ரீன் கதவைத் திறந்து, "வாங்கண்ணே," என்றாள். எப்போதும் சொல்கிற அதே சொல்தான். ஆனால் எப்போதும் முன்னால் நடந்து போய் அடுப்படியிலிருந்து பேசுகிறவள், இன்று கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

ஆஷிக் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். தனக்காக அவர் எழுந்து நின்று வினோத்பாண்டி பார்த்ததே இல்லை.

"வாங்க சார். உக்காருங்க."

"மாமா..."

"வில்லைதான? எடுத்து வச்சுட்டேன்." தயாராக இருந்த பித்தளை வில்லையைக் கொடுத்தார். அவர் அத்தா காலத்து எண். தேய்ந்து வழவழவென்று இருந்தது. "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருக்கீங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

நஸ்ரீன் சோறும் கறியும் கொண்டுவந்தாள். இரண்டு தட்டு வைத்தாள். ஒன்று ஆஷிக் பக்கம், ஒன்று வினோத்பாண்டி பக்கம். நடுவில் ஒரு முழம் பாய்.

"ஒரு தட்டு போதும் மாமா," என்றார் வினோத்பாண்டி.  அவர் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டில் மறுபடி கை போட்டால், கிருமி மறுபடி வந்து ஒட்டினால், வாசிப்பான் ஒரு நாள் உண்மையைச் சொல்லுமோ? பாவத்தைக் கழுவக் குளத்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் பாவத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருந்தார்.

"வேணாங்க. நீங்க அதிகாரி. எங்கிட்டருந்து எதுவும் ஒட்டிக்கிரக் கூடாது. ஒட்டிக்கிட்டாலும் புதுசா ஒட்டுனதுன்னு மிசினு கண்டுபிடிச்சிருமாம்." ஆஷிக் சோற்றைப் பிசைந்தார். "ஒண்ணுதான் எனக்குப் பிடிபடாம இருந்துச்சு. கிருபாகரன் கிருமி என் வயித்துக்குள்ள எப்படி வந்துச்சுன்னு. எங்கூட்டுக் கல்யாணத்துல நாலஞ்சு பேரு சேந்து திங்கிற சகன் தட்டுல வந்து உக்காந்தானோன்னுகூட யோசிச்சேன். அவன் வரவே இல்லைன்னு நஸ்ரீன் சொல்லிட்டா. அப்ப அங்கயும் தின்னு இங்கயும் தின்ன ஒருத்தன் இருக்கணும். வெளிய ஒரே தட்டுல நான் தின்னது ஒரே ஆளுகூடத்தான்."

வினோத்பாண்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வயித்துல ஒண்ண வெளுத்தாப் போதும்னு எவனோ நல்லாத்தான் யோசிச்சிருக்கான். மூணாவதா ஒரு வயிறு இருக்கிறத மறந்துட்டான். பெரிய வியாபாரிங்க. இப்படி மறக்கலாமா?"

"நான் ஆயத்துல போய்ச் சொல்லிட்டேன் மாமா. நடந்தது அம்புட்டையும் சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேன். நம்பலையாமே."

"நீயாச்சும் நம்பு மாமா."

ஆஷிக் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தால் வினோத்பாண்டிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் நம்புறேங்க சார். அதான் ரெண்டு தட்டு வைக்கச் சொன்னேன். கை நனைங்க."

எழுந்து போகலாம். போனால், உடன்படவில்லை என்று பொருள். சாப்பிட்டால், இந்த இரண்டு தட்டுக்கும், இந்த ஒரு முழத்துக்கும், இந்தச் சாருக்கும் உடன்பட்டதாகப் பொருள். நம் பக்கத்து நியாயம் அதுதான். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நஸ்ரீன் கதவருகே சொம்போடு நின்றாள். வினோத்பாண்டி கையை நீட்டினார். அவள் தண்ணீர் ஊற்றினாள்.

கறி எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆஷிக் தன் தட்டில் கடைசி வாயை உருட்டினார். ஒரு கணம் விரல்கள் நின்றன. பிறகு அதைத் தானே தின்றுவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் ஏலக்கூடத்தில் மேற்பார்வையாளருக்கென்று வரிசை இல்லை; எல்லோரும் விலகி வழி விட்டார்கள். வழி விட்டவர்கள் விலகியே நின்றார்கள். உள்ளே வாசிப்பான் ஒரு நிமிஷம் முனகியது. பச்சை விளக்கு எரிந்தது.

'கிருமி இல்லை. கொடிவழி இல்லை. நீங்கள் யாருடனும் கை நனைக்காதவர். வாழ்த்துகள்.'

வேலை முடிந்த பிறகும் வினோத்பாண்டி எழுந்திருக்கவில்லை. பிழை சொல்லி மறுபடி படிக்கச் சொல்ல ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று சுவரைத் தடவிப் பார்த்தார். வெளியே ஏலமணி அடித்தார்கள்.